எக்ஸ்சேஞ்ச் போன பொண்ணு தினமும் அழறா, திரும்பக் கூப்பிட்டுக்கலாமா?

நீங்க எழுதினதைச் சுருக்கினா இதுதான்: பொண்ணுக்குப் பதினாறு வயசு, ஆகஸ்ட் முதல் வாரம் எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்ட்டா (அங்க ஒரு குடும்பத்தோட தங்கி ஸ்கூல்ல படிக்கறது) அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல ஒரு சின்ன ஊருக்குப் போனா, இன்னையோட இருபத்தஞ்சு நாள் ஆச்சு, தினமும் போன்ல அழறா, "நான் வந்துடறேம்மா"ங்கறா. முதல் ஒரு மாசம் ஹனிமூன் மாதிரி போகும், அதுக்கப்புறம்தான் கஷ்டம்னு ஓரியன்டேஷன்ல சொன்னாங்க, இவளுக்கு அந்த ஹனிமூனே வரலையேன்னு பயமா இருக்கு, அனுப்பின அமைப்புக்காக அங்க பசங்களைப் பார்த்துக்கற கோஆர்டினேட்டரோ "எல்லாம் சரியாயிடும், நீங்க போன் பண்றதைக் குறைங்க"ன்னு மெயில் போடறார். கூப்பிட்டுக்கறதா வேண்டாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா ரெண்டு தடவை படிச்சுப் பார்த்ததுல உங்க கேள்வி அது இல்லைன்னு எனக்குத் தோணுது. நீங்க நிஜமா கேக்கறது, இந்த அழுகை வெறும் ஏக்கமா இல்ல அந்த வீட்டுல ஏதோ தப்பா நடக்குதா, கிட்டத்தட்ட பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு அதை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னுதான். அதுக்கு என்னால முடிஞ்ச அளவு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நான் 1995-96ல இதே மாதிரி மினசோட்டாவுக்குப் போனவ, அப்போ எனக்கும் பதினாறு. அதுக்கப்புறம் கோயம்புத்தூர்லயே கல்யாணம், குடும்பம், பதினஞ்சு வருஷமா வெளிநாட்டுல இருந்து வர்ற பசங்களை எங்க வீட்டுல வெச்சுக்கறதும், இங்க இருந்து போற பசங்களுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வகுப்பு எடுக்கறதும் வேலை மாதிரி ஆயிடுச்சு, சம்பளம் எல்லாம் ஒண்ணும் கிடையாது. நான் மனநல டாக்டர் இல்லை. உங்க பொண்ணை நான் பார்த்ததும் இல்லை. அதனால எதை உறுதியா சொல்றேன், எதை என் அனுபவத்துல ஊகமா சொல்றேன்னு பிரிச்சே சொல்லிடறேன்.

முதல்ல அந்த ஹனிமூன் விஷயம், ஏன்னா உங்க பாதி பயம் அதுல இருந்துதான் வருது. எல்லா ஓரியன்டேஷன்லயும் போர்டுல ஒரு வளைவு போடுவாங்க, மேல ஆரம்பிச்சு கீழ இறங்கி மறுபடி மேல ஏறும். நானே பத்து வருஷம் போட்டிருக்கேன். அதோட மூலம் 1955ல ஸ்வெர்ரே லிஸ்கார்ட்னு ஒரு நார்வேக்காரர் எழுதின ஆய்வு. அமெரிக்காவுக்கு உதவித்தொகைல போயிட்டு ஊர் திரும்பின 200 நார்வேக்காரங்களைப் பேட்டி எடுத்து எழுதினது. பெரியவங்க, படிச்சவங்க, அதுவும் திரும்பி வந்தப்புறம் ஞாபகத்துல இருந்து சொன்னது. பதினாறு வயசுப் பொண்ணு நாலாவது வாரத்துல எப்படி இருப்பாங்கறதுக்கு அது அளவுகோலே இல்லைங்க. 1998ல காலின் வார்ட்ங்கற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பான் மாணவர்களை வந்து இறங்கின 24 மணி நேரத்துக்குள்ள ஒரு தடவை, அப்புறம் 4, 6, 12 மாசத்துல ஒவ்வொரு தடவைன்னு கேட்டுப் பார்த்தாங்க, அதுல மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது ஆரம்பத்துலதான்னு வந்துச்சு. அவங்க பார்த்ததும் சின்னக் கூட்டம்தான், அதை வெச்சு எல்லாருக்கும் இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு உறுதியா சொல்லலாம், ஹனிமூன் வரலைங்கறது கோளாறு இல்லை. நான் பார்த்த பசங்கள்ல பாதிக்கு மேல முதல் வாரத்துலயே அழுதவங்கதான், நான் உட்பட.

நான் எதுக்கு அழுதேன்னு சொன்னா சிரிப்பீங்க. ஃபேன் சத்தம் இல்லைன்னு அழுதேன். எங்க வீட்டுல பாட்டி, தம்பி, நான் மூணு பேரும் ஒரே ரூம்ல, தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அங்க எனக்குன்னு தனி ரூம், தனி கட்டில், விளக்கை அணைச்சா காதுல ஒரு சத்தம் கிடையாது, பிறந்ததுல இருந்து நான் ஒரு ரூம்ல தனியா படுத்ததே இல்லைங்கறது அப்பத்தான் எனக்கே உறைச்சுது. அதை யார்கிட்ட எப்படிச் சொல்றது? "இட் இஸ் டூ கொயட்"னு சொன்னா அந்த வீட்டு அம்மா "தேங்க் யூ"ன்னுட்டாங்க, பாராட்டறேன்னு நினைச்சிருக்காங்க. அப்புறம் பாத்ரூம். நம்ம ஊர்ல பாத்ரூம்னா தரை முழுக்கத் தண்ணி ஊத்தலாம், ஓரத்துல ஓட்டை இருக்கும், போயிடும். அங்க குளிக்கற தொட்டிக்கு வெளிய தரைல ஓட்டையே கிடையாது, தொட்டி ஓரமா தொங்கற திரையோட அடிப்பகுதி தொட்டிக்கு உள்ள இருக்கணும். நான் வெளிய தொங்க விட்டுட்டு மூணு நாள் ஜம்முன்னு குளிச்சேன், நாலாவது நாள் கீழ கிச்சன் சீலிங்ல ஈரம். அவங்க ஒரு வார்த்தை திட்டலை. நான் ஸ்கூல் போயிட்டு வந்து பார்த்தா பாத்ரூம் கண்ணாடில ஒரு சின்ன சீட்டு ஒட்டியிருக்கு, திரையை எப்படிப் போடணும்னு படம் வரைஞ்சு, கீழ சிரிக்கற மூஞ்சி ஒண்ணு. நான் அந்தச் சீட்டைப் பார்த்து ராத்திரி பூரா அழுதேன். நேர்ல சொல்லக்கூட மனசில்லாத அளவுக்கு என்னை வெறுக்கறாங்கன்னு நினைச்சேன். அவங்க என் மனசு நோகக்கூடாதுன்னு சீட்டு எழுதியிருக்காங்க. இது எனக்குப் புரிய டிசம்பர் ஆச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, முதல் மாச அழுகைல பெரும்பாலானது இந்த ரகம். யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கலை, ரெண்டு பக்கமும் நல்லவங்க, ஆனா ஒருத்தர் செய்யறதுக்கு இன்னொருத்தர் ஊர்ல வேற அர்த்தம். அதுலயும் முதல் இடம் சாப்பாட்டுக்கு. நான் வகுப்பு எடுத்து அனுப்பின ஒரு பொண்ணு, உங்க பொண்ணு மாதிரியே ஒஹாயோதான், நாலாவது நாள் அவங்கம்மா எனக்கு போன் பண்ணி "பட்டினி போடறாங்க"ன்னு அழுதாங்க. அதே நாள் அந்த வீட்டுக்காரங்க அங்க கோஆர்டினேட்டருக்கு எழுதியிருக்காங்க, "பொண்ணு எதுவுமே சாப்பிட மாட்டேங்கறா, எங்க சாப்பாடு பிடிக்கலை போல, கவலையா இருக்கு"ன்னு. ரெண்டுமே பொய் இல்லை. அவங்க "பசிக்குதா"ன்னு கேட்டிருக்காங்க, இவ "நோ, ஐ ஆம் ஃபைன்"னிருக்கா. நம்ம ஊர்ல யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவோம், அவங்க விட மாட்டாங்க, "அட சும்மா ஒரு வாய்"னு தட்டுல வெச்சுடுவாங்க, அதுதான் முறை. அங்க வேண்டாம்னா வேண்டாம், மறுபடி கேட்டா தொந்தரவு பண்ற மாதிரின்னு விட்டுடுவாங்க. ஃப்ரிட்ஜைத் தானா திறந்து எடுத்துக்கோன்னு முதல் நாளே சொல்லியிருக்காங்க, ஆனா இன்னொருத்தர் வீட்டு ஃப்ரிட்ஜை நம்ம வீட்டுப் பொண்ணு திறப்பாளா? பெட்டில இருந்த பிஸ்கட்டையும் முறுக்கையும் தின்னுட்டே நாலு நாள் ஓட்டியிருக்கா. (இதுல ஒரு வேடிக்கை, நான் போன மினசோட்டாவுல பழைய ஆளுங்க நம்மள மாதிரியே ரெண்டு தடவை மறுத்துட்டு மூணாவது தடவைதான் வாங்கிப்பாங்க, அதனால எனக்கு இந்த அடி விழவே இல்லை, பசங்களுக்குச் சொல்லித் தரவும் தோணலை. ஒரே நாட்டுக்குள்ளயே அப்படி.) கோஆர்டினேட்டர் அந்த வீட்டு அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னதும் அவங்க பொண்ணைக் கூட்டிட்டுக் கடைக்குப் போய் அரிசி, தயிர், பயறு எல்லாம் வாங்கி, அலமாரில ஒரு தட்டு ஒதுக்கி அவ பேரை எழுதி ஒட்டிட்டாங்க. அவ்வளவுதான் அந்தப் பிரச்சனை.

இதோட மறுபக்கத்தை எங்க வீட்டுலயே பார்த்தேன். ஜெர்மனில இருந்து ஒரு பொண்ணு வந்து நாலு மாசம் எங்ககூட இருந்தா. என் மாமியார் தோசை சுட்டுப் போடுவாங்க, அவ "போதும்"னு தமிழ்லயே சொல்லுவா, அந்த வார்த்தையை முதல் நாளே கத்துக்கிட்டா பாவம், மாமியார் அது ஏதோ மரியாதைக்குச் சொல்றான்னு இன்னொண்ணு போடுவாங்க. தட்டுல வெச்சதை மிச்சம் வைக்கக்கூடாதுன்னு வளர்ந்த பொண்ணு, கண்ல தண்ணியோட தின்னுட்டு இருந்திருக்கா. ஊர்ல இருக்கற அவங்கம்மா கவலைப்பட்டு இங்க எங்களுக்குச் சொல்லி அனுப்பறாங்க, "வற்புறுத்தி ஊட்டறாங்களாம்"னு. எனக்கு எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா, ராஜாத்தி மாதிரி பார்த்துக்கறோம்னு நாங்க நினைச்சுட்டு இருக்கோம். இன்னொண்ணு, அவ ரூமுக்குள்ள போனா கதவைச் சாத்திக்குவா. மாமியாருக்கு அது தாங்காது, "ஏன் சாத்திக்கறா, யார் என்ன சொன்னாங்க"ன்னு வாசல்ல நின்னுக்கிட்டே இருப்பாங்க. அவ வீட்டுல கதவுன்னா சாத்தித்தான் இருக்கும், அதுல கோவமும் இல்லை ஒண்ணும் இல்லை. அமெரிக்காவுல நான் இருந்த வீட்டுல இது வேற மாதிரி, ஆள் உள்ள இல்லாதப்போ கதவு திறந்தே கிடக்கும், ஒரு பிள்ளை எப்பப் பார்த்தாலும் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்தா "எங்களைப் பிடிக்கலை போல"ன்னு எடுத்துப்பாங்க. உங்க பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உங்ககூட வீடியோ கால்ல உக்காந்துட்டான்னா, ஹால்ல இருக்கறவங்களுக்கு அது எப்படித் தெரியும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

அதே மாதிரி, கூப்பிடறது. அவங்க "என்னை பேர் சொல்லிக் கூப்பிடு"ம்பாங்க. அம்மா வயசுல இருக்கறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட நம்ம பசங்களுக்கு நாக்கு வராது, ஆன்ட்டின்னா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், மாம்னு கூப்பிட்டா ஊர்ல இருக்கற அம்மாவுக்குத் துரோகம் பண்ற மாதிரி இவங்களுக்கு இருக்கும். கடைசில எதுவுமே கூப்பிடாம பக்கத்துல போய் நின்னு அவங்க திரும்பற வரைக்கும் காத்துட்டு இருப்பாங்க. நான் ரெண்டு மாசம் அப்படித்தான் நின்னேன். நன்றி சொல்றதும் அப்படியே, நம்ம வீட்டுல தண்ணி கொண்டாந்து கொடுத்த அம்மாவுக்கு யார் தேங்க்ஸ் சொல்றா, சொன்னா அந்நியமா இருக்கும், அங்க சொல்லலைன்னா திமிர்னு நினைப்பாங்க. சின்ன விஷயம்தான், ஆனா ஒரு வீட்டுல இருபது நாள்ல இருநூறு தடவை நடக்கற சின்ன விஷயம்.

ஸ்கூல் பத்தி நீங்க ஒண்ணும் எழுதலை, அங்கதான் அதிகமா கேக்கணும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பொண்ணுதானே, பாஷை பிரச்சனை இருக்காதுன்னு எல்லா அப்பா அம்மாவும் சொல்றாங்க. பேசறதுல இருக்காது, கேக்கறதுலதான். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வேற உச்சரிப்புல வேகமா பேசறதைக் கவனிச்சுக்கிட்டே இருந்தா மத்தியானத்துக்கு மேல தலை வலிக்கும், சாயங்காலம் வந்து கல்லு மாதிரி தூங்குவாங்க, அதைச் சோகம்னு தப்பா புரிஞ்சுக்க வேண்டாம், அது வெறும் களைப்பு, ஆறேழு வாரத்துல குறையறதைத்தான் நான் பார்த்திருக்கேன். அப்புறம் நம்ம ஊர் மாதிரி ஒரே கிளாஸ்ல உக்காந்திருக்க வாத்தியார் மாறி மாறி வர்றது இல்லை, ஒவ்வொரு பீரியடுக்கும் பசங்கதான் புத்தகத்தைத் தூக்கிட்டு வேற ரூமுக்கு ஓடணும், ஒவ்வொண்ணுலயும் வேற கூட்டம், அதனால "என் கிளாஸ் பசங்க"ன்னு ஒரு கூட்டமே அமையாது. காரிடார்ல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே "ஹவ் ஆர் யூ"ம்பாங்க, இவ நின்னு பதில் சொல்ல ஆரம்பிக்கறதுக்குள்ள போயிட்டே இருப்பாங்க. அந்தச் சின்ன ஊர் பசங்க எல்லாம் எல்கேஜில இருந்து ஒண்ணா வளர்ந்தவங்க, புதுசா ஒரு ஃப்ரெண்ட் வேணும்னு அவங்களுக்குத் தேவையே இருக்காது, வெறுப்பு இல்லை, தேவை இல்லை, அவ்வளவுதான். அதனால லஞ்ச் நேரம்தான் பெரிய சோதனை. தட்டைக் கைல வெச்சுக்கிட்டு எந்த டேபிள்ல உக்காரறதுன்னு தெரியாம நிக்கற அந்த ஒரு நிமிஷம் இருக்கே, எனக்கு முப்பது வருஷம் ஆகியும் மறக்கலை. நான் ஒரு வாரம் லைப்ரரில ஒளிஞ்சுக்கிட்டு ஆப்பிள் தின்னேன். அப்புறம் கிராஸ் கன்ட்ரின்னு ஓட்டப்பந்தய டீம், எங்க ஸ்கூல்ல அதுல யார் வேணா சேரலாம், மெதுவா ஓடறவங்களையும் வெளிய அனுப்ப மாட்டாங்க, அதுல போய்ச் சேர்ந்தேன். கடைசிலதான் வருவேன், ஆனா கடைசில வர்ற இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்கதான் என் ஃப்ரெண்ட்ஸ். டீம், பேண்ட், நாடகத்துக்கு மேடை ஜோடிக்கற கும்பல், எதுவா இருந்தாலும் சரி, கூட சேர்ந்து ஏதாவது ஒரு வேலை செய்யணும், சும்மா பேசி அங்க ஃப்ரெண்ட் ஆக முடியாது.

காலைல கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்லுவாங்க, அதை நம்ம பொண்ணு சொல்லணுமான்னு சில பேர் பயந்து கேப்பாங்க. வேண்டாம். எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 1943லயே அவங்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மரியாதைக்கு எழுந்து நின்னா போதும்.

இப்போ போன். கோஆர்டினேட்டர் சொன்னது உங்களுக்குக் கல்நெஞ்சா பட்டிருக்கும், ஆனா அதுல நியாயம் இருக்கு, அவர் காரணம் சொல்லாம விட்டதுதான் தப்பு. நீங்க காலைல ஆறரைக்கு ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி பேசறதா எழுதியிருக்கீங்க. அப்போ அங்க ராத்திரி ஒன்பது மணி. நாள் பூரா வேத்து மொழி, வேத்து முகம், எல்லாம் முடிஞ்சு களைச்சுப் போய்ப் படுக்கப் போற நேரம், அந்த நேரத்துல அம்மா முகத்தைப் பார்த்தா எந்தப் பிள்ளைக்கும் பொங்கிட்டுத்தான் வரும். அழுது முடிச்சுட்டு அவ தூங்கிடுவா, நீங்க அந்த அழுகையைத் தூக்கிட்டு நாள் பூரா ஆபீஸ்ல உக்காந்திருப்பீங்க. நேரத்தை மாத்துங்க. சனி ஞாயிறு அவளுக்குக் காலை பத்து மணின்னா நமக்கு ராத்திரி ஏழரை, அப்போ பேசிப் பாருங்க, அதே பொண்ணு வேற மாதிரி பேசுவா. வாரத்துக்கு ரெண்டு தடவை நீளமா பேசுங்க, நடுவுல மெசேஜ், ஃபோட்டோ எவ்வளவு வேணா போடட்டும். சுத்தமா நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சில அமைப்புகள்ல முதல் மாசம் பேசவே கூடாதுங்கற மாதிரி சொல்றாங்க, அது எனக்குச் சரியா படலை. எங்க காலத்துல லெட்டர் போய்ச் சேரவே ரெண்டு வாரம் ஆகும், நான் அழுது எழுதின லெட்டருக்கு அம்மா அழுது எழுதின பதில் வர்றப்போ நான் அடுத்த விஷயத்துக்கு அழுதுட்டு இருப்பேன், அதுல ஒரு நன்மை இருந்துச்சுன்னு இப்போ தோணுது, ஆனா அதையே இந்தக் காலத்துப் பசங்க மேல திணிக்க முடியாது. எதிர்ப்பக்கம் ஒரு பையனைப் பார்த்தேன், அவங்கப்பா ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கூப்பிடுவார். மூணாவது மாசம் அந்தப் பையனுக்கு ஊர்ல மாமா வீட்டு விசேஷத்துல என்ன பாயசம்னு தெரியும், கூட உக்காந்து லஞ்ச் சாப்பிடறவன் பேர் தெரியாது.

இன்னொண்ணு, "பிடிக்கலைன்னா சொல்லு கண்ணு, உடனே டிக்கெட் போட்டுடறேன்"னு சொல்லியிருந்தீங்கன்னா அதை மறுபடி சொல்லாதீங்க. வீட்டை விட்டுப் போற பிள்ளைங்களோட ஏக்கத்தைப் பத்தி 2007ல தர்பர், வால்டன்னு ரெண்டு பேர் குழந்தை மருத்துவ இதழ் ஒண்ணுல எழுதியிருக்காங்க, அதுல தெளிவா சொல்றது இதுதான், இப்படி முன்கூட்டியே வாக்குக் கொடுக்கறது பிள்ளை அங்க ஒட்டறதைக் கெடுக்கும்னு. அவங்க அதிகமா பேசறது ஒரு சில வார கேம்ப், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களைப் பத்தி, பத்து மாசம் வெளிநாடுங்கறதுக்கு அப்படியே பொருந்துமாங்கறதுல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஆனா நான் பார்த்த வரைக்கும் பொருந்துது. கதவு திறந்து இருக்குன்னு தெரிஞ்சா கண்ணு கதவு மேலயேதான் இருக்கும்.

இது வரைக்கும் சொன்னது எல்லாம் "பொறுத்துக்குங்க" கட்சி. இப்போ பொறுத்துக்கக் கூடாத கட்சி, இதை நல்லா படிங்க. சில வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு, எங்க ஓரியன்டேஷன்ல ரொம்பக் கெட்டிக்காரி, ஆறு வாரமா "எனக்கு இந்த வீடு பிடிக்கலை"ன்னு மட்டும் சொல்லிட்டு இருந்தா. ஏன்னு கேட்டா சாப்பாடும்பா, குளிரும்பா. அவங்கம்மா "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னாங்க. என்கிட்ட பேசினப்போ நானும் அதையேதான் சொன்னேன், என் பாத்ரூம் திரை கதையை எடுத்து விட்டு சிரிக்க வெச்சேன். ஏழாவது வாரம் வேற எதையோ பேசிட்டு இருக்கறப்போ வந்துச்சு, அந்த வீட்டுல சொந்தக்காரர் ஒருத்தர் வந்து தங்கியிருக்கார், தட்டாம ரூமுக்குள்ள வந்துடறார், வந்து நின்னு பேசிட்டே இருக்கார்னு. வேற ஒண்ணும் நடக்கலைங்கறா. நடக்கற வரைக்கும் காத்திருக்கணுமா? அன்னைக்கே எழுதினோம், ரெண்டு நாள்ல வேற வீட்டுக்கு மாத்தினாங்க, அங்க அவ நல்லா இருந்தா. ஆனா அந்த ஆறு வாரத்துல என் பங்கும் இருக்கு. "பிடிக்கலை"ங்கறது ஒரு மூடி, அதைத் திறக்காமலே நான் அறிவுரை சொல்லிட்டேன்.

அதனால விதிகளைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க, இதுல எனக்குச் சந்தேகம் இல்லை. உங்க பொண்ணு போயிருக்கறது ஜே-1 விசான்னு (எக்ஸ்சேஞ்ச்ல போறவங்களுக்குக் கொடுக்கறது) எழுதியிருக்கீங்க, அதுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை எழுதி வெச்ச விதி இருக்கு. ஹோஸ்ட் ஃபேமிலிக்கு, அதாவது அவளைத் தங்க வெச்சுக்கற வீட்டுக்காரங்களுக்கு, சம்பளம் கிடையாது, அவங்க விருப்பப்பட்டு வெச்சுக்கறாங்க. அந்த வீட்டுல குடியிருக்கற 18 வயசு ஆன எல்லாருக்கும் குற்றப் பின்னணி சோதனை நடந்திருக்கணும், அதனால புதுசா யாராவது வந்து தங்கினா அது அமைப்புக்குத் தெரியணும். பொண்ணுக்குத் தனிக் கட்டில் இருக்கணும், காத்து அடிக்கற மெத்தையோ மடக்கற சோஃபாவோ கணக்குல வராது. கோஆர்டினேட்டர் 120 மைலுக்குள்ள இருக்கணும், மாசம் ஒரு தடவையாவது அவகிட்ட பேசணும், முதல் தடவை நேர்ல வந்து பார்க்கணும், இன்னும் வரலைன்னா கேளுங்க, அது உங்க உரிமை. அவளோட பாஸ்போர்ட், போன், கம்ப்யூட்டர் எதையும் அவகிட்ட இருந்து யாரும் பிடுங்கி வெச்சுக்கக் கூடாது. எப்பவாவது குழந்தை பார்த்துக்கறது, புல்லு வெட்டறதுன்னு கைச்செலவுக்குச் செய்யலாம், ஆனா அவளை வீட்டு வேலைக்கு ஆள் மாதிரி நடத்தக் கூடாது. பாத்திரம் கழுவு, உன் துணியைத் துவை, குப்பையை எடுத்து வைன்னா அது வேலைக்காரி ஆக்கறது இல்லைங்க, அந்த வீட்டுப் பிள்ளைங்களும் செய்யும், இந்த வித்தியாசம் நம்ம ஊர் அப்பா அம்மாவுக்குத்தான் அதிகம் விளக்க வேண்டியிருக்கு. அவகிட்ட ஒரு கார்டு கொடுத்திருப்பாங்க, அதுல அமைப்போட நம்பரும் வெளியுறவுத் துறை நம்பரும் இருக்கும், அதை ஒரு ஃபோட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. யாராவது தொட்டாங்க, அசிங்கமா பேசினாங்க, பூட்டி வெச்சாங்கன்னு ஒரு வார்த்தை வந்தா கோஆர்டினேட்டர் மெயிலுக்குப் பதில் போடற வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த ரெண்டு நம்பருக்கும் அடிங்க, அவசரம்னா அவளே அங்க அவசர நம்பரான 911 அடிக்கணும்.

மூடியைத் திறக்கறது எப்படின்னா, "எப்படி இருக்கே"ன்னு கேக்காதீங்க, அதுக்கு அழுகைதான் பதில். நேத்து சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததுல இருந்து தூங்கற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு மணிக்கணக்கா கேளுங்க. யார் கதவைத் திறந்தாங்க, என்ன சாப்பிட்டே, எங்க உக்காந்தே, வீட்டுல யார் யார் இருந்தாங்க, ராத்திரி உன் ரூம் கதவு உள்ளே தாழ் போட முடியுமா, யாராவது வந்தா தட்டிட்டு வர்றாங்களா. கேக்கறப்போ ஹோஸ்ட் ஃபேமிலி பக்கத்துல இல்லைன்னு உறுதி பண்ணிக்குங்க, தமிழ்லயே பேசினாலும் அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கறப்போ பிள்ளை மனசு விட்டுப் பேச மாட்டா. இப்படிக் கேட்டு வர்ற பதில் எல்லாம் "சீஸ் சீஸா போடறாங்க, பேச ஆள் இல்லை, உங்க ஞாபகமாவே இருக்கு"ன்னு இருந்தா, அது ஏக்கம், அதுக்கு மருந்து அவ அந்த வீட்டு அம்மாகிட்ட நேரா சொல்ற ஒரு வாக்கியம்: "எனக்குக் கேக்கக் கூச்சமா இருக்கு, நீங்க ரெண்டாவது தடவை கேப்பீங்களா"ன்னு. அந்த ஒரு வாக்கியத்தை நான் இப்போ எல்லாப் பசங்களையும் கண்ணாடி முன்னாடி நின்னு இங்கிலீஷ்ல பத்து தடவை சொல்ல வெச்சுத்தான் அனுப்பறேன். பதில் சொல்ற இடத்துல சட்டுனு அமைதி வந்தா, ஒரு ஆளைப் பத்திக் கேக்கறப்போ மட்டும் பேச்சை மாத்தினா, அங்க நின்னு மெதுவா மறுபடி கேளுங்க.

சாப்பாடே இறங்கலை, ரெண்டு வாரமா தூக்கமே இல்லை, ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறா, இல்ல செத்துடலாம்ங்கற மாதிரி ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அது என் எல்லைக்கு அப்பால, அன்னைக்கே அமைப்புகிட்ட சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. வீடு சரியில்லைன்னா வீடு மாத்தறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை, நிறைய பேருக்கு நடக்குது, விசா எல்லாம் போகாது, அதைத் தோல்வின்னு பார்க்காதீங்க. திரும்பி வர்றதும் அப்படித்தான், ஒரு பையன் ரெண்டே மாசத்துல வந்துட்டான், சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்களோன்னு அவங்கப்பா குமைஞ்சார், அவன் இங்க ப்ளஸ் டூ முடிச்சு காலேஜ் போயிட்டான். இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா சரியாயிருக்குமாங்கறதுக்கு எனக்கும் பதில் கிடையாது, அவனுக்கும் கிடையாது. உங்க விஷயத்துல நானா இருந்தா, மேல சொன்ன மாதிரி கேட்டு ஆபத்து எதுவும் இல்லைன்னு தெரிஞ்சா, தீபாவளி வரைக்கும் திரும்பற பேச்சை எடுக்க மாட்டேன்.

ஒரு சின்ன விஷயம், நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெப்பாங்க, அன்னைல இருந்து அவளுக்கு ராத்திரி ஒன்பதுன்னா நமக்குக் காலை ஏழரை, போன் நேரத்தை அதுக்கேத்த மாதிரி மாத்திக்குங்க. சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சுடும், அப்போ அழுகை மறுபடி ஒரு ரவுண்டு வரும், பயந்துடாதீங்க. ஷூவும் கோட்டும் இங்க இருந்து வாங்கி அனுப்பாதீங்க, நம்ம ஊர் கடைல குளிருக்குன்னு விக்கறது அங்க அக்டோபருக்கே தாங்காது. நான் அப்படி ஊட்டி கடைல வாங்கின ஸ்வெட்டரோட போனவதான், 1996 பிப்ரவரி 2ஆம் தேதி மினசோட்டாவுல டவர்ங்கற ஊர்ல மைனஸ் 60 ஃபாரன்ஹீட், மாநிலம் பூரா ஸ்கூல் லீவ் விட்டாங்க. அன்னைக்கு ஹோஸ்ட் அம்மாவோட பழைய கோட்டைப் போட்டுக்கிட்டு வெந்நீர் எடுத்துட்டு வெளிய போய் வீசிப் பார்த்தோம், அது கீழ விழவே இல்லை, காத்துலயே புகையா போயிடுச்சு. அன்னைக்கு நைட் அம்மாவுக்கு எழுதின லெட்டர் ஆறு பக்கம், இன்னும் அவங்க பீரோல இருக்கு, அதுல அழுகை ஒரு வரி கிடையாது.